அழிப்பதற்கென்றே ஓர் ஆள்: துரியோதனன் படுகளமும் உலகத்துக் கொடும்பாவிகளும்

சித்திரை, வைகாசி மாதங்களில் ஆற்காட்டிலிருந்து ஆரணி, செய்யாறு பக்கம் காலை வேளையில் பஸ்ஸில் போனால், ஏதோ ஓர் ஊரின் எல்லையில் 50 அடி நீளத்துக்கு ஒரு மண் மனிதன் மல்லாந்து கிடப்பதைப் பார்க்கலாம். கிரீடம், முறுக்கிய மீசை, உருட்டிய விழிகள், கை அருகே கதாயுதம். மேலே சுண்ணாம்பு வெள்ளையும் காவியும் கோலப்பொடியும் பளபளக்கும். சுற்றிலும் ஊரே கூடியிருக்கும். அவன் துரியோதனன். அன்று காலை சாகப்போகிறவன். ஓர் ஊர் முழுவதும் உழைத்து, பல டிராக்டர் மண்ணைக் கொட்டி அவனைச் செய்திருக்கிறது. ஒரு காலைப்பொழுதில் அவன் கதை முடிந்துவிடும்.

அழிப்பதற்கென்றே ஓர் ஆளைச் செய்வது நம் வட ஆற்காட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை. சுவிட்சர்லாந்தில் பனி மனிதனை வெடிக்க வைக்கிறார்கள். ஸ்பெயினில் ஆண்டு முழுக்கச் செதுக்கிய சிலைகளை ஒரே இரவில் கொளுத்துகிறார்கள். ஈக்வடாரில் பழைய வருஷத்துக்கே சட்டை பேண்ட் போட்டு எரிக்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இவை வேடிக்கையாகவும், கொஞ்சம் வெறுப்பின் கொண்டாட்டமாகவும் தெரியும். ஆனால் ஒவ்வொன்றிலும் கையால் நடக்கும் வேலையைக் கூர்ந்து கவனித்தால் வேறொன்று புலப்படுகிறது. அழிக்கப்படுகிறவன் பெரும்பாலும் எதிரியாக நடத்தப்படுவதில்லை. இறந்துபோன வீட்டு மனிதனுக்குச் செய்வதைத்தான் அவனுக்கும் செய்கிறார்கள்: ஒப்பாரி வைக்கிறார்கள், உயில் படிக்கிறார்கள், எஞ்சியதில் ஒரு பிடி வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

முதலில் நம் ஊர்க் களம். திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் அக்னி வசந்த விழாவின் கடைசிக் கட்டத்தில் வருவதுதான் படுகளம். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து என்று விழா பத்து நாளிலிருந்து இருபது நாள் வரை நீளும். பகாசூரன் வதத்துக்கு வண்டியில் சோறு போகும். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான மரத்தை நட்டு, அர்ச்சுனன் வேடக்காரர் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறி எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார்; பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப்புடவையோடு கீழே காத்திருப்பார்கள். கர்ண மோட்சத்தைத் தாண்டி பதினெட்டாம் போர்க் கூத்து விடியவிடிய நடந்து முடியும்போதுதான் ஆட்டம் மேடையை விட்டு இறங்கிக் களத்துக்கு வருகிறது. அன்று சாயங்காலம் தீமிதி. மறுநாள் தருமர் பட்டாபிஷேகம்.

உருவம் செய்யும் வேலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் அதன் கனம் புரியும். 50 அடி நீளம், கைகால் எல்லாம் சேர்த்துச் சராசரியாக 8 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று வைத்தாலே 600 கன அடி மண். நம் பக்கம் 100 கன அடியை ஒரு யூனிட் என்பார்கள். ஆக 6 யூனிட். ஈரத்தோடு எடை ஏறத்தாழ 30 டன் வரும். ஏரி மண்தான் இதற்கு வாகு. ஏரியில் மண் எடுக்க அனுமதி வேண்டும் என்பதால் விழாக் குழுவின் வேலைகளில் இதுவும் முன்கூட்டியே சேர்ந்துவிடுகிறது. ஏரி மண்ணில் ஒரு பொருத்தமும் உண்டு. போரின் கடைசி நாளில் படையெல்லாம் போன பிறகு துரியோதனன் ஒரு மடுவில் போய் ஒளிந்துகொண்டவன். பாண்டவர்கள் கூப்பிட்ட பிறகு தண்ணீரிலிருந்து எழுந்து வந்தவன். நீருக்கடியில் கிடந்த மண்ணால் அவனைச் செய்வதைவிட வேறென்ன பொருத்தம் வேண்டும்!

தரையில் கயிறு பிடித்து உருவத்தின் எல்லையைக் கோடாகக் கீறிவிட்டுத்தான் மண் கொட்ட வேண்டும். கோடு இல்லாமல் கொட்டினால் ஒரு கால் நீளும், மற்றது குறையும்; 50 அடியில் இந்தக் கோணலைக் கிட்ட நின்று கண்டுபிடிக்க முடியாது, தூரப் போனால் மட்டும் தெரியும். மனித உடம்பு ஏழரை, எட்டுத் தலை நீளம் என்பது பொதுக் கணக்கு. அந்தக் கணக்குப்படி 50 அடி உருவத்துக்குத் தலை ஆறேகால், ஆறேமுக்கால் அடிதான் வரும். ஆனால் முகத்தையும் கிரீடத்தையும் பெரிதாகவே வைப்பது நல்லது. கிடக்கிற உருவத்தைப் பார்க்க வருகிறவர்கள் தரையில்தான் நிற்கிறார்கள். மாடியிலோ ஏரிக்கரையிலோ நின்றால்தான் முழு ஆளும் தெரியும். தரையிலிருந்து பார்ப்பவருக்கு முகம், மார்பு, பாதம் என்று துண்டுதுண்டாகத்தான் கிடைக்கும். ஆகவே முகம் தனியாகவே ஆளைச் சொல்லிவிட வேண்டும்.

கெடுப்பது இரண்டு: வெயிலும் மழையும். களிமண் காயும்போது சுருங்கும். வெறும் களிமண்ணாக வைத்தால் அக்கினி நட்சத்திர வெயிலில் ஒரே பகலில் மார்பில் விரிசல் ஓடும். மணல் கலந்தால் சுருக்கம் குறையும். உமியோ வைக்கோல் துணுக்கோ சேர்த்தால் விரிசல் பரவாமல் பிடித்து நிறுத்தும். மணல் கூடிப்போனால் மூக்கும் விரலும் நிற்காமல் உதிரும். அதனால் உள்ளே எந்த மண்ணானாலும் சரி, மேலே ஒரு சாண் கனத்துக்கு நல்ல களிமண் பூச்சு என்பதுதான் சரியான முறை. விரல், மூக்கு நுனி, மீசை முனை போன்ற மெல்லிய இடங்களே முதலில் காய்ந்து முதலில் உடையும். அவற்றைக் கடைசியில் செய்ய வேண்டும். வேலையை நாலு நாள் முன்னதாக முடிப்பதில் லாபம் இல்லை. முதல் நாள் முடித்து, ராத்திரி ஈரத்தோடு விட்டு, விடியலில் வண்ணம் இட்டால் உருவம் புதிதாக இருக்கும். கோடை மழை வந்துவிட்டால் தார்ப்பாய் போட்டு மூடுவதைத் தவிர வழியில்லை. கோலப்பொடி கரைந்தால் மறுபடி தூவிக்கொள்ளலாம்; முகம் கரைந்தால் நேரம் இருக்காது.

உருவத்தின் உயிர் தொடையில் இருக்கிறது. அங்கே ஒரு பள்ளம் விட்டு, சிவப்பு நீர் வைத்து, மேலே மண்ணை மெல்லிசாக மூடுவார்கள். அந்தச் சிவப்புக்கு வெளியே போய் எதையும் வாங்க வேண்டியதில்லை. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் இரத்தச் சிவப்பாகிவிடும். கல்யாணத்துக்கு ஆரத்தி கரைக்கும் அதே முறை. மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரம் பட்டதும் நிறம் மாறுவதுதான் காரணம். வெறும் மண் பள்ளத்தில் ஊற்றினால் அரைமணியில் உறிஞ்சிப் போய்விடும் என்பதால் பானையோ பாலித்தீன் பையோ உள்ளே வேண்டும். வேலை செய்கிறவர்கள் தெரியாமல் மிதித்துவிடும் இடமும் இதுவே. மேல்மூடி அதிகக் கனமாக இருந்தால் பீமன் அடித்தும் இரத்தம் வராது. ஊர் காத்திருந்தது அந்த ஒரு நொடிக்காகத்தான்.

விடிந்ததும் கட்டை கட்டிய வேடத்தோடு கூத்துக்காரர்கள் வருவார்கள். ராத்திரி முழுக்க ஆடியவர்கள். மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் அப்போதும் உடம்பில் இருக்கும். துரியோதனன் வேடக்காரர் உருவத்தின் மேல் ஏறி நின்று சவால் விடுவார். பீமன் துரத்துவார்; உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டம். மண் ஆளும் மனித ஆளும் ஒரே பாத்திரம் என்பது பார்க்கிற குழந்தைக்குக்கூட விளக்கம் சொல்லாமலே புரிகிறது. கடைசியில் கிருஷ்ணன் தன் தொடையைத் தட்டிக் காட்டுவார். கதாயுதப் போரில் இடுப்புக்குக் கீழே அடிப்பது முறையல்ல; பீமன் செய்த சபதமோ தொடையைப் பிளப்பது. சைகை கிடைத்ததும் அடி விழும். சிவப்பு வெளியே வரும். அந்த இரத்தத்தைத் தொட்டு, சபையில் அவிழ்ந்த நாள் முதல் முடியாமல் கிடந்த திரௌபதியின் கூந்தலை வாரிப் பூ வைத்து முடிக்கிறார்கள்.

இந்த இடத்தில் விழா முடிந்திருந்தால் இதை வெற்றி விழா என்று சொல்லலாம். முடியவில்லை. துரியோதனன் வேடக்காரர் உருவத்தின் மேல் சாய்ந்து கிடக்க, காந்தாரி வருகிறாள். ஒப்பாரி தொடங்கும். நம் சாவு வீட்டில் கேட்கும் அதே ஒப்பாரி, அதே இழுப்பு. பல ஊர்களில் அவள் கையில் துடைப்பமும் முறமும் இருக்கும். கூட்டத்தில் இருப்பவர்கள் போய் முதுகைக் காட்டி அடி வாங்கிக்கொள்வார்கள். பீடை போகும் என்பது நம்பிக்கை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அடி வாங்கித் தருபவர்களும் உண்டு. துடைப்பத்தால் அடி என்றால் மற்ற நாளில் ஏழு தலைமுறைக்கு மறக்காத அவமானம். அன்று அது பிள்ளையை இழந்த தாயின் கை. விதி மீறி அடித்துக் கொன்றது தெரிந்த ஊர், அந்தத் தாயிடம் போய் வரிசையில் நிற்கிறது. படுகளத்தின் மையம் பீமனின் கதாயுதம் அல்ல, இந்தத் துடைப்பம்தான் என்பது எங்கள் கணிப்பு.

அழுவதற்கு ஆள் வைப்பது இங்கே மட்டும் இல்லை. மழை பொய்த்த வருஷம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள்: வைக்கோல் பொம்மை, பழந்துணி, தெருத்தெருவாக இழவுப் பாட்டு, மாரடிப்பு, கடைசியில் கொள்ளி. ஈக்வடாரில் டிசம்பர் 31 இரவு நடப்பது ஏறக்குறைய இதேதான். பழைய சட்டை பேண்டுக்குள் மரத்தூளும் காகிதமும் அடைத்து, முகமூடி மாட்டி, 'பழைய வருஷம்' என்ற பொம்மையைத் தெருவில் உட்கார வைக்கிறார்கள். ஆண்கள் பெண் வேடமிட்டு, செத்துக்கொண்டிருக்கும் பழைய வருஷத்தின் விதவைகளாக அழுதுகொண்டே வண்டிகளை மறித்துக் காசு கேட்பார்கள். பொம்மையின் பெயரில் கேலியான உயில் ஒன்று எழுதிப் படிப்பதும் உண்டு. நள்ளிரவில் நெருப்பு, அதைத் தாண்டிக் குதிப்பார்கள், 12 மாதத்துக்கு 12 தடவை. மரத்தூளை இறுக்கி அடைத்தால் கொழுந்துவிடாமல் புகைந்துகொண்டே கிடக்கும். உள்ளே பட்டாசு வைத்திருந்தால் தாண்டுகிறவர் காலில் வெடிக்கும்.

வேலைப்பாட்டில் உச்சம் ஸ்பெயினின் வலென்சியா நகரம். அங்கே ஃபாயாஸ் விழாவுக்கு மார்ச் 15-ல் தெருமுனைகளில் பெரிய பெரிய நையாண்டிச் சிலைக் கூட்டங்களை நிறுத்துகிறார்கள். மார்ச் 19, புனித யோசேப்பின் நாள் இரவில் எல்லாவற்றையும் கொளுத்திவிடுகிறார்கள். பேட்டைக்கு ஒரு சங்கம், வருஷம் முழுக்க வசூல், கைதேர்ந்த கலைஞர்கள். முன்பு மரச்சட்டமும் அட்டையும் காகிதக்கூழும். பிறகு தெர்மாகோல் வந்தது. செதுக்க எளிது, எடை குறைவு. ஆனால் எரியும்போது கரும்புகை கக்கும், உருகிச் சொட்டும். ஆகவே சில கலைஞர்கள் மெல்லிய மரக்கீற்றுகளுக்கே திரும்பியிருக்கிறார்கள். சிலை உள்பக்கமாகச் சரிந்து விழும்படி அடியில் துளைபோட்டுப் பற்றவைப்பதில்தான் சூட்சுமம். தெரு குறுகல், பால்கனிகள் கைக்கெட்டும் தூரம். தீயணைப்பு வீரர்கள் எதிர்வீட்டுச் சுவர்கள் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே நிற்பார்கள். 1934 முதல் ஒரு சலுகை உண்டு: மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஓர் உருவத்துக்கு மட்டும் மன்னிப்பு, அது அருங்காட்சியகத்துக்குப் போகும். மற்றவை எரிகையில் விழாவின் இளம்பெண் நாயகிகள் பட்டுடையில் நின்று விம்மி அழுவதை ஆண்டுதோறும் பார்க்கலாம்.

சூரிக் நகரத்தின் பூக் என்ற பனி மனிதப் பொம்மைக்கு ஜோசிய வேலையும் சேர்ந்திருக்கிறது. ஏப்ரலில் ஒரு திங்கள்கிழமை, மாலை 6 மணிக்கு மாதா கோயில் மணி அடித்ததும் விறகுக் குவியலுக்குத் தீ வைப்பார்கள். மேலே உட்கார்ந்திருக்கும் பொம்மையின் தலைக்குள் வெடிகள். தீ வைத்ததிலிருந்து தலை வெடிக்கும் வரை எத்தனை நிமிடம் என்பதுதான் கணக்கு: சீக்கிரம் வெடித்தால் நல்ல கோடை. 2003-ல் 5 நிமிடம் 42 நொடியில் வெடித்தது. அந்தக் கோடை ஐரோப்பாவையே வாட்டியது. 2023-ல் 57 நிமிடம் இழுத்தது. அந்நாட்டு வானிலைத் துறை கணக்கெடுத்துப் பார்த்து, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று சொல்லிவிட்டது. நேரத்தைத் தீர்மானிப்பது விறகின் ஈரமும் அன்றைய காற்றும் மழையும்தான். 2024-ல் காற்று பலமாக அடித்ததால் அன்று கொளுத்தவே இல்லை. எரிந்து முடிந்ததும் சூரிக்காரர்கள் கலைந்து போவதில்லை. தணல் அருகில் வந்து அதிலேயே இறைச்சி வாட்டிச் சாப்பிடுகிறார்கள்.

ஸ்வீடனின் யாவ்லே ஊர்க் கதை தலைகீழ். அங்கே கிறிஸ்துமஸை ஒட்டி 13 மீட்டர் உயர வைக்கோல் ஆடு ஒன்றை நிறுத்துகிறார்கள். எரிப்பதற்காக அல்ல, அழகுக்காக. 1966-ல் முதல் ஆடு நின்றது. புத்தாண்டு நள்ளிரவில் யாரோ கொளுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து காவல், வேலி, காமிரா, தீத்தடுப்பு மருந்து என்று எத்தனை வைத்தும் பல வருஷம் ஆடு தப்புவதில்லை. 2001-ல் கொளுத்தியவர் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. இது ஊர் வழக்கம் என்று நினைத்துவிட்டாராம், சிறைக்குப் போனார். 2023-ல் யாரும் தீ வைக்கவில்லை, ஆனால் வைக்கோலில் தானியம் தங்கிவிட்டதால் காக்கை இனப் பறவைகள் கூட்டமாக வந்து ஆட்டைக் கொத்தித் தீர்த்துவிட்டன. வைக்கோல் உருவம் ஒன்றைப் பொதுவெளியில் நிறுத்தினால் அதை எரிக்கும் ஆசை தானாகவே முளைக்கும் போலிருக்கிறது. அழுவதற்கும் பங்கிடுவதற்கும் முறை இல்லாத இந்த எரிப்பு மட்டும் குற்றமாகவே நிற்கிறது.

அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் 1924 முதல் எரிக்கப்படும் ஜோசோப்ரா 50 அடி உயரம், நம் துரியோதனன் அளவு. வெள்ளைத் துணி போர்த்திய அந்தச் 'சோகக் கிழவனின்' வயிற்றுக்குள் மக்கள் தங்கள் விவாகரத்துப் பத்திரம், கடன் கடிதம், துக்கத்தை எழுதிய சீட்டு எல்லாவற்றையும் போட்டு எரிக்கிறார்கள். போலந்தில் மார்ச் 21 வாக்கில் பனிக்காலத்தை மர்ஸானா என்ற வைக்கோல் பெண்ணாக்கி ஆற்றில் விடுவார்கள். விட்டபின் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். நம் சுடுகாட்டு வழக்கத்தை நினைத்துக்கொள்ளலாம். டெல்லியில் தித்தார்பூர் பகுதிக் கைவினைஞர்கள் மூங்கில் பிளாச்சில் ராவணன் கட்டி அடிக்கணக்கில் விலை சொல்வார்கள். எரிந்த பிறகு கரிந்த குச்சியை நல்லதென்று வீட்டுக்கு எடுத்துப்போகிறார்கள் வட இந்தியர்கள்.

மற்றவை பெரும்பாலும் நிற்கின்றன, எரிகின்றன. நம்முடையது கிடக்கிறது, எரிவதில்லை. இந்த வித்தியாசம் சிறியது அல்ல. நிற்கும் உருவத்தைத் தூரத்திலிருந்து வேடிக்கை பார்க்கலாம். தீ கூட்டத்தைத் தள்ளியே வைக்கும். கிடக்கும் மண் உருவத்தைச் சுற்றி நடக்கலாம், தொடலாம், மேலே ஏறலாம். சாம்பல் காற்றோடு போகும். மண் அங்கேயே இருக்கும். வேலூர் பாலாற்றங்கரையில் மாசி அமாவாசையை ஒட்டி நடக்கும் மயானக் கொள்ளையிலும் இந்தத் தரை நெருக்கம் உண்டு: சுடலையில் பூஜை முடிந்ததும் படைத்த தானியமும் காய்கறியும் சில்லறையும் கூட்டத்தின் மேல் வாரி இறைக்கப்படும், பிடித்தவருக்குப் பிரசாதம். குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசு விழாவோ ஒருபடி மேல். அங்கே வெட்டுண்ட தலையை ஊர்வலமாகக் கொண்டுவந்து உடலோடு சேர்க்கிறார்கள்.

துரியோதனனுக்குக் கோயிலே உண்டு. கேரளத்தில் கொல்லம் மாவட்டம் போருவழியில் உள்ள மலநடையில் அவன் தெய்வம். மக்கள் அப்பூப்பன், அதாவது தாத்தா என்றே அழைக்கிறார்கள். ஆரணிப் பக்கம் தொடை பிளந்து சாகிறவன் மலைக்கு அந்தப் பக்கம் தாத்தா என்றால், அந்த உறவு இங்கேயும் அறவே இல்லாமல் போகவில்லை.

ஏனென்றால் ஒப்பாரி ஓய்ந்ததும் கூட்டத்தைத் தடுத்த கயிறு தளரும், ஜனம் உருவத்தை நோக்கி நகரும். முதலில் கரைவது தொடை. சிவப்பு ஊறிய மண்ணுக்குத்தான் கிராக்கி. பிறகு மார்பு, தலை. முந்தானையில், துண்டில், பாலித்தீன் பையில் ஆளுக்கு ஒரு பிடி. நெல் குதிரிலோ சாமி மாடத்திலோ வைப்பார்கள், நிலத்தில் தூவுவார்கள். மிச்சமிருக்கும் உடம்பு அங்கேயே கிடக்கும். சாயங்காலம் அதே கூட்டம் தீக்குழிப் பக்கம் போய்விடும். அடுத்த கோடை மழையில் மீசை கரையும், ஆடி வருவதற்குள் அது ஒரு மேடு, ஏர் பூட்டும்போது அதுவும் இல்லை.